அன்றாட வாழ்வில் ஞானத்தின் வழியைத் தேர்ந்துகொள்வது எப்படி: இராமநாதபுரக் கடற்கரைக் குடும்பங்களுக்கு

பாம்பன், தங்கச்சிமடம், மூக்கையூர், காரங்காடு போன்ற நம் ஊர்களில் ஒரு குடும்பம் ஒரு வாரத்திற்குள் எடுக்கவேண்டிய முடிவுகளை எண்ணிப் பார்த்தால், அவற்றுள் பெரும்பாலானவை கோயிலோடும் செபத்தோடும் தொடர்பில்லாதவை போலவே தோன்றும். புது வலை வாங்க யாரிடம் பணம் கேட்பது, பக்கத்து வீட்டு அக்காவின் குழுக் கடனுக்குக் கையெழுத்துப் போடலாமா, பன்னிரண்டாம் வகுப்பு முடித்த மகளைக் கல்லூரிக்கு அனுப்புவதா அல்லது வந்திருக்கும் வரனைப் பேசி முடிப்பதா, மீன் விற்ற பங்குப் பணத்தைக் குறைத்துக் கொடுத்த சம்மாட்டியிடம் (படகு உரிமையாளரிடம்) எப்படிப் பேசுவது என்பன அவை. ஆனால் திருவிவிலியம் ஞானம் என்று சொல்லும்போது பேசுவது இவற்றைப் பற்றியே. நீதிமொழிகள் நூலைத் திறந்தால் தராசும் எடைக்கல்லும், கடனும் பிணையும், வாய்ச்சண்டையும் பிள்ளை வளர்ப்பும் அதிகாரத்துக்கு அதிகாரம் வருகின்றன. ஞாயிறு மறையுரையில் கேட்ட ஞானத்தைத் திங்கட்கிழமை ஏலக்கூடத்திலும் வீட்டு வாசலிலும் எப்படிக் கைக்கொள்வது என்பதையே இங்கே சொல்ல விரும்புகிறேன்.

தொடக்கத்திலேயே ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டும். நெருக்கடி வந்து வாசலில் நின்றபிறகு ஞானத்தைத் தேடுகிறவருக்குத் தேடுவதற்கு நேரம் கிடைப்பதில்லை. பணம் கேட்டு வந்தவர் எதிரே உட்கார்ந்திருப்பார், படகில் ஐஸ் ஏற்றியாகியிருக்கும், மாப்பிள்ளை வீட்டார் பதில் கேட்டுத் தொலைபேசியில் காத்திருப்பார்கள். அந்த வேளையில் நம்மை நடத்துவது அதற்கு முன்பே நாம் ஏற்படுத்திக்கொண்ட பழக்கம்தான். ஆகவே கீழே சொல்லப்படும் எல்லாமே, முடிவெடுக்கும் நாள் வருவதற்கு முன்பே பழகிக்கொள்ளவேண்டியவை.

கேட்பதிலிருந்து தொடங்குதல்

ஞானத்தில் குறைவுள்ளவர் கடவுளிடம் கேட்கட்டும், அவர் யாரையும் கடிந்துகொள்ளாமல் தாராளமாகக் கொடுக்கிறார் என்று யாக்கோபு திருமுகத்தின் முதல் அதிகாரம் சொல்கிறது. (வேர்க்காட்டில் நாம் திருவிழாக் கொண்டாடும் சந்தியாகப்பர் செபதேயுவின் மகனான மீனவர், இந்தத் திருமுகத்தை மரபு எருசலேம் திருச்சபையை வழிநடத்திய மற்றொரு யாக்கோபுக்கு உரியதாகச் சொல்கிறது.) அந்த வசனத்தில் எனக்குப் பெரிதாகப்படுவது, கடிந்துகொள்ளாதவர் என்ற சொல்லே. நம்மில் பலர், குறிப்பாகப் படிப்பு குறைந்தவர்கள், தங்கள் வீட்டுக் கணக்கு வழக்குகளைக் கடவுளிடம் சொல்வதற்குக் கூச்சப்பட்டு, பொதுவாக "ஆண்டவரே, நல்ல வழி காட்டும்" என்று மட்டும் சொல்லி முடித்துவிடுகிறார்கள். கூச்சப்பட வேண்டியதில்லை. சாலமோன் கிபயோனில் நீண்ட ஆயுளையோ செல்வத்தையோ கேட்காமல் மக்களுக்கு நீதி வழங்கத்தக்க உள்ளத்தைக் கேட்டார் என்று அரசர்கள் முதல் நூல் மூன்றாம் அதிகாரம் சொல்கிறது. அந்த ஞானத்தின் முதல் பயனாக அதே அதிகாரம் காட்டுவதோ, ஒரே வீட்டில் குடியிருந்த பெண்கள் இருவரின் குழந்தைச் சண்டையை அவர் தீர்த்துவைத்ததை.

ஆகவே செபிக்கும்போது காரியத்தைப் பெயர் சொல்லிச் செபிக்கவேண்டும். எவ்வளவு தொகை, யாரிடம், எத்தனை மாதத்தில் திருப்பித் தரவேண்டும், தராவிட்டால் என்ன ஆகும் என்பதையெல்லாம் செபத்திலேயே வரிசையாகச் சொல்லலாம். நம் மனம் ஏற்கெனவே எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும், ஏனெனில் சாய்ந்துவிட்ட மனத்தோடு கேட்கிறவர் பெரும்பாலும் அனுமதி கேட்கிறாரே தவிர ஆலோசனை கேட்பதில்லை. உறுதிப்பூசுதலின்போது நாம் பெற்ற தூய ஆவியாரின் ஏழு கொடைகளுள் ஞானமும் அறிவுரைத்திறனும் இருக்கின்றன என்பதை நினைத்து, பெற்றதைப் பயன்படுத்த வேண்டும் என்ற எண்ணத்தோடு கேட்பது நல்லது.

அடையாளம் தேடும் பழக்கத்தைப் பற்றி

புனிதர் சுருவத்தின் (சிலையின்) முன் சீட்டெழுதிப் போட்டுக் குழந்தையை எடுக்கச் சொல்வதும், கண்ணை மூடித் திருவிவிலியத்தைத் திறந்து விரல் படுகிற வசனத்தைப் பதிலாக எடுத்துக்கொள்வதும், கைவைத்துச் செபிக்கிறவர் வாயிலிருந்து வரும் சொல்லை அப்படியே தீர்ப்பாக ஏற்பதும் நம் பக்கத்தில் இருக்கின்றன. இவற்றைச் செய்கிறவர்களின் பக்தியை நான் குறைத்து மதிக்கவில்லை. என்றாலும் இவை ஞானத்தின் வழிகள் என்று சொல்ல என்னால் முடியாது. திருத்தூதர் பணிகள் முதல் அதிகாரத்தில் மத்தியாவைத் தேர்ந்தெடுக்கச் சீட்டுப் போட்டார்கள் என்பது உண்மை. ஆனால் தூய ஆவியார் இறங்கிவந்தபின் திருத்தூதர்கள் சீட்டுப் போட்டதாக அந்த நூலில் எங்கும் இல்லை. பதினைந்தாம் அதிகாரத்தில் பெரியதொரு சிக்கல் வந்தபோது அவர்கள் கூடினார்கள், நெடுநேரம் விவாதித்தார்கள், பேதுரு தாம் கண்டதைச் சொன்னார், பவுலும் பர்னபாவும் தாங்கள் கண்டதைச் சொன்னார்கள், யாக்கோபு மறைநூலோடு அதை ஒப்பிட்டுப் பார்த்தார், அதன்பின் தூய ஆவியாரும் தாங்களும் தீர்மானித்ததாக மடல் எழுதினார்கள். விவாதமும் அனுபவமும் மறைநூலும் சேர்ந்த அந்தத் தீர்மானத்தில்தான் ஆவியாரின் செயலை அவர்கள் கண்டார்கள். சீட்டு நமக்கு அந்த உழைப்பை மிச்சப்படுத்தித் தருகிறது. அதனால்தான் அது நமக்குப் பிடித்திருக்கிறது.

நிலைமையை முழுதாக அறிதல்

ஞானத்துக்கு மாறானது எது என்பதைக் கடல்மேல் வைத்தே காட்டுகிற ஒரு பகுதி திருத்தூதர் பணிகள் இருபத்தேழாம் அதிகாரம். கடலுக்குப் போகிற வீடு ஒவ்வொன்றிலும் இதை ஒருமுறையாவது உரக்க வாசிக்கவேண்டும் என்பது என் ஆசை. பவுல் கைதியாக உரோமைக்குக் கொண்டுபோகப்படுகிறார். பருவம் கடந்துவிட்டது, இப்போது புறப்பட்டால் சரக்குக்கும் கப்பலுக்கும் மட்டுமல்லாமல் உயிர்களுக்கும் ஆபத்து என்று எச்சரிக்கிறார். ஆனால் நூற்றுவர் தலைவர் கப்பலோட்டியும் கப்பல் உரிமையாளரும் சொன்னதையே நம்புகிறார். தங்கியிருக்கும் துறை மழைக்காலத்துக்கு வசதியில்லாதது என்று பெரும்பாலோர் புறப்படச் சொல்கிறார்கள். அந்த நேரம் பார்த்துத் தென்றல் மெல்ல வீசுகிறது. நினைத்தது கைகூடிவிட்டது என்று நங்கூரத்தை எடுக்கிறார்கள். சற்று நேரத்தில் பெருங்காற்று கிரேத்துத் தீவின் பக்கமிருந்து மோதுகிறது. கப்பல் உடைந்தது, சரக்குப் போயிற்று, கப்பலில் இருந்த 276 பேரின் உயிர் மட்டும் கடவுளின் இரக்கத்தால் தப்பியது.

அந்த முடிவைத் தவறான பக்கம் தள்ளியவை எவை என்று பாருங்கள். போட்ட பணம் ஒன்று, பலரும் சொல்கிறார்கள் என்பது இரண்டு, அப்போதைக்கு அமைதியாக இருக்கும் காற்று மூன்று. இந்த மூன்றும் நம் துறைகளில் இன்றும் அப்படியே இருக்கின்றன. விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாள்தான் தொழிலுக்குப் போகின்றன என்பதால் ஒரு நாளை விடுவது பெரிய இழப்பாகத் தெரிகிறது. பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டு, மீன்வளத்துறை அனுமதிச் சீட்டை நிறுத்தியிருக்கும் காலையிலும் பாலத்துக்குக் கீழே தண்ணீர் அசையாமல் கிடக்கலாம். டீசல் நிரப்பியாயிற்று, பெட்டியில் உடைத்துக் கொட்டிய ஐஸ் அடியில் நீராகி ஒழுகுகிறது, பக்கத்தில் நின்ற நாட்டுப்படகு கயிற்றை அவிழ்த்துவிட்டது. இந்த மூன்றில் எதுவும் கடல் எப்படி இருக்கிறது என்பதைச் சொல்லவில்லை என்று அந்த நேரத்தில் பிரித்துப் பார்க்கத் தெரிவதுதான் விவேகம். விவேகி ஆபத்தை முன்பே கண்டு ஒதுங்குகிறார், பேதை நேராகப் போய் அடிபடுகிறார் என்று நீதிமொழிகள் 22:3 சொல்கிறது.

இதையே வேறு காரியங்களுக்கும் பொருத்தலாம். வெளிநாட்டு வேலைக்கு ஏஜென்ட்டிடம் பணம் கட்டும் முன், கட்டத் தூண்டுகிற காரணங்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டு, ஒவ்வொன்றும் அந்த வேலையைப் பற்றியதா, அல்லது நாம் ஏற்கெனவே செலவழித்ததையும் ஊரார் போனதையும் பற்றியதா என்று பிரித்துப் பாருங்கள். வேலையைப் பற்றியதாக எஞ்சும் வரிகளை மட்டும் வைத்துக்கொண்டு முடிவெடுங்கள்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியை அழித்த புயலை அந்த ஊர் மக்களின் பாவத்துக்குக் கிடைத்த தண்டனை என்று சொல்லுவோரை இன்றும் கேட்கலாம். அங்கே இடிந்து நிற்கிற சுவர்களில் கோயிலின் சுவர்களும் உண்டு. சீலோவாமில் கோபுரம் விழுந்து இறந்த பதினெட்டுப் பேர் மற்றவர்களைவிடக் குற்றவாளிகளா என்று கேட்டு, இல்லை என்று இயேசுவே பதில் சொல்லியிருக்க, துன்பப்பட்டவர்மேல் பழி போடுவதை ஞானம் என்று யாரும் நினைக்கவேண்டாம்.

கடன், பிணை, முன்பணம்

நம் கடற்கரையில் ஞானம் மிக அதிகமாகச் சோதிக்கப்படும் இடம் இதுதான் என்பதால், இதைச் சற்று விரித்துச் சொல்கிறேன்.

குழுக் கூட்டம் நடக்கும் ஒரு திண்ணையை நினைத்துக்கொள்ளுங்கள். மைக்ரோ பைனான்ஸ் அலுவலர் வண்டியை நிறுத்திவிட்டு வந்து ஆதார் நகல்களை வரிசையாக அடுக்குகிறார். ஒரு பெண்ணுக்குக் கணவரின் மருத்துவச் செலவுக்காகப் பணம் அவசரமாகத் தேவை. மற்றவர்கள் கையெழுத்துப் போட்டால்தான் தொகை வரும். பேனா ஒவ்வொரு கையாக மாறி உங்கள் கைக்கு வருகிறது. விரல்களில் காலையில் கருவாட்டுக்குப் போட்ட உப்பு இன்னும் இருக்கிறது. எதிரே அந்தப் பெண் உங்கள் முகத்தையே பார்க்கிறார். அந்த நொடியில் மறுத்தால் நாளை தண்ணீர்க் குழாயடியில் முகம் கொடுத்துப் பேசமுடியாது என்பது மட்டுமே மனத்தில் இருக்கும்.

இதற்கான அறிவுரையைத் திருவிவிலியம் ஒருதலையாகச் சொல்லவில்லை. நீதிமொழிகள் ஆறாம் அதிகாரம், பிறருக்குப் பிணை நின்று சிக்கிக்கொண்டவர் தூங்காமல் போய்க் கெஞ்சியாவது தம்மை விடுவித்துக்கொள்ளட்டும் என்று கடுமையாகச் சொல்கிறது. சீராக்கின் ஞானம் என்னும் திருவிவிலிய நூலின் இருபத்தொன்பதாம் அதிகாரமோ நல்லவர் அடுத்திருப்பவருக்காகப் பிணை நிற்பார் என்று சொல்லிவிட்டு, பிணை நின்று கெட்டுப்போன செல்வர் பலர் என்றும் சேர்த்தே சொல்கிறது. இரண்டையும் அது இணைக்கும் விதம் அழகானது: உன்னால் இயன்ற அளவு அடுத்திருப்பவருக்கு உதவு, ஆனால் நீயும் விழுந்துவிடாதபடி பார்த்துக்கொள். எட்டாம் அதிகாரம் இன்னும் தெளிவாக, உன் சக்திக்கு மேல் பிணை நிற்காதே, நின்றுவிட்டால் அதை நீயே கட்டவேண்டிய கடனாக எண்ணிக்கொள் என்கிறது.

இதிலிருந்து ஒரு நடைமுறை கிடைக்கிறது. கையெழுத்துக் கேட்கப்படும் தொகையில் உங்கள் மேல் விழக்கூடிய பங்கை, மாதத் தவணையாக, உங்கள் வீட்டு நோட்டில் உங்கள் கடனாகவே எழுதுங்கள். மீன்பாடு குறைந்த மாதத்திலும், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான தடைக்காலத்திலும் அதைக் கட்டமுடியுமா என்று பாருங்கள். கட்டமுடியும் என்றால் மனநிறைவோடு கையெழுத்திடலாம். பிறகு அவர் கட்டத் தவறினாலும் பகை வராது, ஏனெனில் அதை ஏற்கெனவே உங்கள் கடனாக எண்ணிவிட்டீர்கள். முடியாது என்றால் கையெழுத்தை மறுத்து, திரும்ப எதிர்பார்க்காமல் கொடுக்கக்கூடிய ஒரு சிறு தொகையை அன்றைக்கே அந்தப் பெண்ணின் கையில் கொடுங்கள். "அக்கா, கையெழுத்துப் போட என் நிலைமை இடம் தரவில்லை, இது உங்களுக்கு, திருப்பித் தரவேண்டாம்" என்று சொல்வது கடினம்தான். ஆனாலும் மறுப்பும் அன்பும் ஒரே கையிலிருந்து போகும்போது உறவு முறிவதில்லை என்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அந்தப் பெண்ணின் அவசரம் மருத்துவச் செலவு என்றால், முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் அந்தச் சிகிச்சை வருமா என்று மருத்துவமனையில் கேட்டுச்சொல்வதும் பணத்துக்குச் சமமான உதவி.

வியாபாரியிடம் வாங்கும் முன்பணம் வேறு வகையான கட்டு. வட்டி இல்லை என்று சொல்லப்பட்டாலும், பிடித்த மீனை அவருக்கே, பெரும்பாலும் வெளிவிலையைவிடக் குறைத்து, கொடுக்கவேண்டியிருக்கிறது. கடன் வாங்கியவர் கடன் கொடுத்தவருக்கு அடிமை என்ற நீதிமொழிகள் 22:7 நம் ஏலக்கூடத்தில் எழுதப்பட்டதோ என்று தோன்றும். முன்பணம் வாங்காமல் தொழில் நடத்த இயலாத வீடுகள் உண்டு, அவர்களைக் குறை சொல்வது எளிது, நியாயமன்று. வாங்கத்தான் வேண்டுமென்றால், வெளிவிலைக்கும் உங்களுக்குக் கிடைக்கும் விலைக்கும் உள்ள வித்தியாசத்தைக் கிலோவுக்கு இவ்வளவு என்று ஒரு மாதம் எழுதிவாருங்கள். மாதக் கடைசியில் கூட்டிவரும் தொகைதான் நீங்கள் கட்டுகிற உண்மையான வட்டி. அதைப் பார்த்தபிறகு மீனவர் கூட்டுறவுச் சங்கத்திலோ வங்கியிலோ கிடைக்கும் கடனோடு ஒப்பிடலாம்.

யாரிடம் ஆலோசனை கேட்பது என்பதிலும் சீராக் நம்மைத் தடுமாறவிடுவதில்லை. முப்பத்தேழாம் அதிகாரத்தில், ஒவ்வொருவரும் தம் ஆலோசனையையே மெச்சுவர், சிலர் தங்கள் நலனுக்காகவே ஆலோசனை சொல்வர் என்று எச்சரித்து, விற்பதைப்பற்றி வாங்குகிறவரிடம் கேட்காதே, போரைப்பற்றிக் கோழையிடம் கேட்காதே என்று அடுக்குகிறது. ஆகவே புதுப் படகுக்குக் கடன் வாங்கலாமா என்பதை, அந்தப் படகின் மீனை வாங்கப்போகிற வியாபாரியிடம் கேட்கக்கூடாது. பெண்ணின் திருமணத்தை முடிவு செய்வதற்குத் தரகுப் பணம் பெறுகிறவர் சரியான ஆலோசகர் அல்லர். அதே கடலில் நீண்டநாள் தொழில் செய்து ஓய்ந்த பெரியவர், அன்பியத்தில் (பங்கிலுள்ள அக்கம்பக்கக் குடும்பங்களின் செபக்குழுவில்) உங்கள் வீட்டு நிலைமையை அறிந்த மூத்த பெண்மணி, பங்குத்தந்தை, பள்ளி ஆசிரியை என்று இந்த முடிவால் இலாபமோ நட்டமோ அடையாத இருவர் மூவரிடம் கேளுங்கள். வீட்டிலுள்ள மனைவியை விட்டுவிட்டு வெளியே ஆலோசனை தேடுகிற ஆண்களுக்கு ஒரு சொல்: தவணை நாளன்று வாசலில் நின்று பதில் சொல்கிறவர் பெரும்பாலும் அவர்தான், ஆகையால் அவரிடம் முதலில் கேளுங்கள்.

சொல்லும் செவியும்

இலங்கைக் கடற்படையிடம் படகு பிடிபட்ட செய்தி வந்ததும் வாட்ஸ்அப்பில் குரல் பதிவுகள் பறக்கின்றன. யாரோ காட்டிக்கொடுத்தார் என்று ஒரு பதிவு, இன்னாருக்குக் காயம் என்று மற்றொரு பதிவு. அந்த வீட்டுப் பெண்கள் அதைக் கேட்டு மயங்கி விழுந்தபின், அது பொய் என்று தெரியவருகிறது. கேட்பதற்கு முன் பதில் சொல்லுவது மடமையும் வெட்கமும் ஆகும் என்றும், வழக்கில் முதலில் பேசுகிறவர் நேர்மையானவராகத் தோன்றுவார், எதிராளி வந்து கேள்வி கேட்கும் வரையில்தான் அது என்றும் நீதிமொழிகள் பதினெட்டாம் அதிகாரம் சொல்கிறது. நேரில் தெரியாத செய்தியை அனுப்பாமல் நிறுத்திவிடுவது மிக எளிய ஞானம், இன்றைக்கே தொடங்கலாம். பங்குப் பணச் சண்டையிலும் சொத்துச் சண்டையிலும், இரு தரப்பையும் கேட்காமல் எந்தப் பக்கமும் சாய்வதில்லை என்பதை அன்பியத்தில் வெளிப்படையான ஒழுங்காகவே வைத்துக்கொள்ளலாம்.

நோயைப் பற்றி ஒரு வார்த்தை. நேர்ச்சை நேர்ந்துகொண்டோம் என்பதற்காக மருத்துவரிடம் போவதைத் தள்ளிப்போடுவது விசுவாசத்தின் அடையாளமன்று. மருத்துவரை மதித்து அவருக்கு இடம் கொடு, அவரையும் ஆண்டவரே படைத்தார், மண்ணிலிருந்து மருந்தையும் அவரே உண்டாக்கினார் என்று சீராக் முப்பத்தெட்டாம் அதிகாரம் செபத்தையும் சிகிச்சையையும் ஒன்றாகவே சொல்கிறது.

அக்கரையில் இருக்கும் அயலார்

ஞானத்தின் வழியைப் பற்றிப் பேசிவிட்டு இதைச் சொல்லாமல் விட்டால் என் மனம் ஒப்பாது. ஆண்டுதோறும் கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவுக்கு நம் படகுகளில் போகிறோம். அக்கரையிலிருந்து யாழ்ப்பாணத்துத் தமிழர் வருகிறார்கள். ஒரே சிலுவைப்பாதையில் அடுத்தடுத்து முழங்காலிடுகிறோம். அப்படி நம் பக்கத்தில் முழங்காலிட்ட மீனவருடைய வலைதான் நம் இழுவைமடிப் படகு (கடலடியை வாரி இழுக்கும் வலையுள்ள படகு) இரவில் கடக்கும்போது அறுந்துபோகிறது. இலங்கை 2017இல் இழுவைமடியைச் சட்டத்தால் தடைசெய்தது. நம் பக்கத்திலும் கைதும் படகு இழப்பும் குடும்பங்களை நொறுக்கியிருக்கின்றன. கச்சத்தீவை இலங்கைக்கு விட்டுக்கொடுத்த 1974 ஒப்பந்தத்தால் மரபு மீன்பிடி இடங்கள் கைவிட்டுப் போனதாக எண்ணும் வேதனையும் உண்மையானது. அந்த வேதனையை முழுதாக ஏற்றுக்கொண்டே நாம் நம்மைக் கேட்டுக்கொள்ளவேண்டும்: நம் நியாயம் எவ்வளவு வலுவானதாயினும், அறுந்த வலைக்காரருக்கு நாம் சொல்லக்கூடிய பதில் என்ன? பாக் நீரிணை விசைப்படகுகளை ஆழ்கடல் மீன்பிடிப்புக்கு மாற்றும் அரசுத் திட்டம் 2017இல் தொடங்கியது. செலவும் பயிற்சியும் பெரும் தடைகள் என்பதை அறிவேன். ஆயினும் படகு உரிமையாளராயிருக்கும் ஒரு கிறிஸ்தவர் அதை விசாரித்தாவது பார்க்கவேண்டும். தொழிலாளியாக இருப்பவருக்கு அந்தத் தேர்வு கையில் இல்லை. அவரிடம் இதே கேள்வியை இதே கனத்தோடு வைப்பது நேர்மையாகாது.

ஞானம் அச்சமாக மாறாமல்

ஒதுங்கிக்கொள்வதும் மறுப்பதும் பற்றி இவ்வளவு சொன்னபின், ஞானம் என்றால் ஆபத்தில்லாமல் வாழ்வது என்று யாரும் எடுத்துக்கொள்ளக்கூடாது. மண்டபத்துக்கு அருகே வேதாளையில் 1549இல் தம் மக்களுக்காக நின்று கொல்லப்பட்ட மறைப்பணியாளர் அந்தோணி கிரிமினாலியும், ஓரியூரில் 1693 பிப்ரவரி 4 அன்று தலை வெட்டப்பட்ட புனித அருளானந்தரும் நம் மண்ணில்தான் வீழ்ந்தார்கள். 1686இல் பிடிபட்டுச் சித்திரவதைக்கு உள்ளான அருளானந்தர், ஐரோப்பாவுக்குப் போனபின் அங்கேயே தங்கியிருக்கலாம். ஆபத்தை நன்றாக அறிந்தே, அன்று மறவநாடு எனப்பட்ட நம் பகுதிக்குத் திரும்பினார். 1947இல் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது.

புயலில் படகை இறக்குவதற்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டைக் கண்டறிய நான் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: இந்த ஆபத்தை யாருடைய நன்மைக்காக ஏற்கிறேன், அதன் விலையை யார் கொடுக்கப்போகிறார்? பிறருடைய நன்மைக்காகத் தாம் விலை கொடுப்பது துணிவு. தம் இலாபத்துக்காக மனைவி மக்களையும் படகிலிருக்கும் கூலியாள்களையும் விலை கொடுக்கவைப்பது மடமை. குடித்துவிட்டு வந்து அடிக்கிற கணவருக்கு எதிராக ஒரு பெண் வாய்திறப்பதும், எடையில் ஏமாற்றும் இடத்தில் ஒருவர் எழுந்து கேட்பதும் முதல் வகையைச் சேர்ந்தவை. அமைதி காக்கவேண்டும் என்று சொல்லி அவர்களை அடக்குகிறவர்கள் ஞானத்தின் பெயரால் அச்சத்தைப் போதிக்கிறார்கள்.

எடுத்த முடிவைச் சோதித்தல்

விண்ணிலிருந்து வரும் ஞானம் முதலில் தூய்மையானது, பின் அமைதியை நாடும், பொறுமையும் இணக்கமும் உள்ளது, இரக்கமும் நற்செயல்களும் நிறைந்தது, நடுநிலை தவறாதது, வெளிவேடமற்றது என்று யாக்கோபு 3:17 வரிசைப்படுத்துகிறது. முடிவெடுத்தபின் இந்த வரிசையை ஒவ்வொன்றாக வைத்துப் பாருங்கள். இந்த முடிவில் யாரிடமாவது மறைக்கவேண்டியது இருக்கிறதா? நம் பிள்ளைக்கு ஒரு நியாயமும் மருமகளுக்கு ஒரு நியாயமுமாக இருக்கிறதா? இதனால் வீட்டில் யாருடைய வாய் அடைக்கப்படுகிறது? எங்கேயாவது இடறினால் அந்த இடத்தைத் திருத்துங்கள். முழு முடிவையும் கைவிடவேண்டிய தேவை எப்போதும் இருப்பதில்லை.

கிரிமினாலியும் அருளானந்தரும் சேர்ந்திருந்த இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார் தந்த ஒரு விதி நமக்கு மிகவும் உதவும்: மனம் சோர்ந்து இருண்டு கிடக்கும் நாள்களில், தெளிவாயிருந்தபோது எடுத்த முடிவை மாற்றாதே. மூன்று நாள் வெறுங்கையோடு திரும்பிய இரவில் படகை விற்றுவிடலாம் என்று தோன்றும், தேர்வில் தோற்ற பிள்ளையை அன்றைக்கே படிப்பிலிருந்து நிறுத்திவிடத் தோன்றும். அந்த இரவில் எதையும் மாற்றாமல் செபத்தைக் கூட்டிக்கொண்டு காத்திருக்கச் சொல்கிறார் அவர். பழக்கத்துக்கு வர எளிய வழி, இரவுச் செபமாலைக்குப் பிறகு ஐந்து நிமிடம் அன்றைய நாளைத் திரும்பிப் பார்ப்பது. எங்கே அவசரப்பட்டேன், எங்கே கேளாமல் பேசினேன், எங்கே கடவுள் தந்த நல்ல எண்ணத்தைத் தள்ளினேன் என்று பார்த்து, நாளைக்கு எடுக்கவேண்டிய ஒரு முடிவை மட்டும் பெயர் சொல்லி ஒப்படைத்துவிட்டுப் படுக்கலாம்.

எதை வாசிப்பது

நீதிமொழிகளில் 31 அதிகாரங்கள் இருப்பதால், தேதிக்கு ஒரு அதிகாரமாக மாதம் முழுவதும் வாசித்துவரலாம். தவறிய நாளைப் பற்றிக் கவலைப்படாமல் அன்றைய தேதிக்குரியதைத் தொடரலாம். சிறுவர்களுக்கு முழு அதிகாரமும் வேண்டாம், ஒரு வசனத்தைச் சாப்பாட்டு நேரத்தில் சொல்லி, இன்று பள்ளியில் இது எங்கே நடந்தது என்று கேட்டால் போதும். விசைப்படகுக் குடும்பங்களுக்கு இன்னொரு வாய்ப்பும் இருக்கிறது. தடைக்காலத்தின் 61 நாள்களிலும் ஆண்கள் வீட்டில் இருக்கிறார்கள். சீராக்கின் ஞானத்தில் 51 அதிகாரங்கள். வலை பின்னி முடித்த மாலையில் நாளுக்கு ஒன்றாகக் குடும்பமாக வாசித்து முடித்து, மீதமுள்ள பத்து நாள்களில் யாக்கோபு திருமுகத்தின் ஐந்து அதிகாரங்களை இருமுறை வாசிக்கலாம். சீராக் இடம்பெறாத திருமறையைப் பயன்படுத்தும் தென்னிந்தியத் திருச்சபைக் குடும்பங்கள் அந்த நாள்களில் நீதிமொழிகளையும் சபை உரையாளரின் 12 அதிகாரங்களையும் எடுத்துக்கொள்ளலாம். கடன், பிணை, மருத்துவம், ஆலோசனை பற்றிய அதிகாரங்கள் வரும் நாள்களில் வீட்டுக் கணக்கு நோட்டையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.